சோதனைத் தரவுத்தளம் தனியாக எழுதியிருந்தும் டெவலப்மென்ட் தரவுத்தளம் காலியானது ஏன்?

கேள்வி: பிப்ரவரி 10, காலை

லாராவெலில் (பிஎச்பி மொழியின் வலைச் செயலி ஃபிரேம்வொர்க்) எழுதிய நூலகச் செயலி ஒன்றை என் கணினியிலேயே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் உருவாக்கி வருகிறேன். அன்றாட வேலைக்கு லைப்ரரி_டெவ், சோதனைக்கு லைப்ரரி_டெஸ்ட் என இரண்டு தரவுத்தளங்கள் உள்ளன. பின்னதன் பெயர், சோதனைகளை ஓட்டும் கருவியான பிஎச்பியூனிட்டின் எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. நேற்றுச் சோதனைகளை ஓட்டினேன், எல்லாம் பச்சை. பிறகு பிரவுசரைத் திறந்தால் உள்நுழையவே முடியவில்லை. லைப்ரரி_டெவ்வில் அட்டவணைகள் எல்லாம் இருக்கின்றன, நான் சேர்த்த தரவு ஒரு வரிசைகூட இல்லை. லைப்ரரி_டெஸ்டில் அட்டவணைகளே இல்லை. கோப்பைப் பலமுறை பார்த்துவிட்டேன், பெயர் சரியாகவே இருக்கிறது. தனித் தரவுத்தளம் என்று எழுதிவைப்பது வெறும் சம்பிரதாயமா?

பிப்ரவரி 10, முற்பகல்

கோப்பை மீண்டும் பார்ப்பதை நிறுத்திவிட்டு, காலியான தரவுத்தளத்தைப் பாருங்கள். லைப்ரரி_டெவ்வில் மைக்ரேஷன்ஸ் என்ற அட்டவணை இருக்கும். அதில் பேட்ச் என்றொரு நெடுவரிசை உண்டு. சில மாதங்களாக வளர்ந்த செயலியில், ஒவ்வொரு முறை மைக்ரேஷன் (அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் கோப்பு) ஓட்டும்போதும் அந்த எண் ஒன்று கூடி, 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும். இப்போது எல்லா வரிசைகளிலும் 1 என்றே இருந்தால், யாரோ அட்டவணைகளை அடியோடு நீக்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ரிஃப்ரெஷ்டேட்டாபேஸ் என்ற டிரெய்ட் (வகுப்புகளில் சேர்த்துக்கொள்ளும் மெத்தட்களின் தொகுப்பு) முதல் சோதனைக்கு முன் செய்வது அதைத்தான்.

அதோடு பூட்ஸ்ட்ராப் கோப்புறைக்குள் இருக்கும் கேஷ் கோப்புறையில் கான்ஃபிக் பிஎச்பி என்ற கோப்பு இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

கேட்டவர்: பிப்ரவரி 10, முற்பகல்

எல்லாமே 1. அந்தக் கோப்பும் இருக்கிறது. பக்கங்கள் மெதுவாகத் திறக்கின்றன என்பதால் போன வாரம் லாராவெலின் ஆர்ட்டிசன் கான்ஃபிக் கேஷ் கட்டளையை ஓட்டியிருந்தேன்.

பிப்ரவரி 10, மதியம்

விடை அதுதான். அந்தக் கட்டளை, அமைப்பு மதிப்புகள் எல்லாவற்றையும் அப்போது இருந்தபடியே ஒரே கோப்பில் உறையவைக்கிறது. அக்கோப்பு இருக்கும்வரை லாராவெல், அமைப்பு மதிப்புகள் எழுதியுள்ள என்வ் கோப்பைத் திறப்பதுமில்லை, சூழல் மாறிகளைக் (செயலிக்கு வெளியிலிருந்து கொடுக்கப்படும் மதிப்புகள்) கேட்டு அமைப்புகளைக் கணக்கிடுவதுமில்லை. பிஎச்பியூனிட் தன் பங்குக்கு எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்த பெயரைச் சூழல் மாறியாக ஒழுங்காகவே வைத்தது. அதைக் கேட்பார்தான் இல்லை. சூழலின் பெயர்கூட 'டெஸ்டிங்' என்று மாறாமல் 'லோக்கல்' என்றே இருந்திருக்கும். அட்டவணைகளை நீக்கும் கட்டளை, சூழல் புரொடக்ஷனாக (பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் தளம்) இருந்தால் மட்டுமே "நிச்சயமா?" என்று கேட்கும், லோக்கலில் கேட்காது.

இப்போதைக்கு கான்ஃபிக் கிளியர் ஓட்டுங்கள். டெவலப்மென்ட் கணினியில் கான்ஃபிக் கேஷுக்கு வேலையே இல்லை. பக்கங்கள் மெதுவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்.

பிப்ரவரி 10, மாலை

மேலே சொன்னதோடு இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும், ஏனெனில் அறிகுறி அச்சு அசலாக இதேபோல்தான் இருக்கும். டாக்கர் கம்போஸ் கோப்பில் கன்டெய்னருக்கான (செயலி தனித்து ஓடும் பெட்டி) சூழல் மாறியாகத் தரவுத்தளத்தின் பெயரைக் கொடுத்திருப்பவர்கள் பலர். பிஎச்பியூனிட்டின் என்வ் வரி, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு மாறி இருந்தால் அதை மேலெழுதாது. அதே வரியில் ஃபோர்ஸ் என்ற பண்புக்கு 'ட்ரூ' என்று கொடுத்தால்தான் மேலெழுதும். ஆகவே கேஷே இல்லாமலும் இந்த விபத்து நடக்கும்.

ரூபி மொழியின் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸைப் பயன்படுத்துவோர் சிரிக்க வேண்டாம். அங்கே டேட்டாபேஸ் யூஆர்எல் என்ற சூழல் மாறி இருந்தால், நடப்புச் சூழலுக்கு அதுவே டேட்டாபேஸ் யேமல் கோப்பை வெல்லும். நான் முன்பு வேலை செய்த இடமொன்றில், ஷெல் தொடங்கும்போதே அந்த மாறியை ஏற்றிவிடும் வழக்கம் இருந்தது. யேமல் கோப்பில் சோதனைக்கு அழகாகத் தனிப் பத்தி இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைக் காட்டிப் பாடமும் நடத்தினார்கள். சோதனைகள் போய்ச் சேர்ந்த இடம் மட்டும் வேறு.

பிப்ரவரி 11, காலை

இரவெல்லாம் யோசித்ததில், கேள்வியை வேறுவிதமாகக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. "எங்கே எழுதினால் சோதனைகள் சரியான தரவுத்தளத்திற்குப் போகும்?" என்று கேட்டால் ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்குக்கும் ஒரு விடையும், அந்த விடையைப் பொய்யாக்க நான்கு வழிகளும் கிடைக்கும். எழுதியது ஒருபுறம் இருக்கட்டும், திறந்திருக்கும் இணைப்பிடமே "நீ யார்?" என்று கேட்டுவிடலாம். போஸ்ட்கிரெஸில் 'செலக்ட் கரன்ட்_டேட்டாபேஸ்', மைஎஸ்க்யூஎலில் 'செலக்ட் டேட்டாபேஸ்'. வரும் பெயர் '_டெஸ்ட்' என்று முடியவில்லையானால் எக்செப்ஷனை எறிந்து அங்கேயே நின்றுவிட வேண்டும். லாராவெலில் இதற்கென்றே பிஃபோர்ரிஃப்ரெஷிங்டேட்டாபேஸ் என்றொரு கொக்கி இருக்கிறது. அழிக்கும் வேலை தொடங்குவதற்குச் சற்று முன் அது அழைக்கப்படும்.

கேட்டவர்: பிப்ரவரி 11, மாலை

அந்தச் சரிபார்ப்பை அடிப்படை டெஸ்ட்கேஸ் வகுப்பில் எழுதிவிட்டு, வேண்டுமென்றே தவறான பெயர் கொடுத்துப் பார்த்தேன். சரிபார்ப்பு வாயே திறக்கவில்லை.

பிப்ரவரி 11, இரவு

ரிஃப்ரெஷ்டேட்டாபேஸ் டிரெய்ட்டை ஒவ்வொரு சோதனை வகுப்பிலும் தனித்தனியாகச் சேர்த்திருப்பீர்கள். பிஎச்பியில், ஒரு வகுப்பு சேர்த்துக்கொள்ளும் டிரெய்ட்டின் மெத்தட், அவ்வகுப்புக்குத் தாய் வகுப்பிலிருந்து வரும் மெத்தடை மறைத்துவிடும். டிரெய்ட்டுக்குள் அந்தக் கொக்கி வெற்று மெத்தடாக இருக்கிறது. தாய் வகுப்பில் நீங்கள் எழுதியதை அந்த வெற்று மெத்தட் மூடிவிட்டது. எங்கும் எச்சரிக்கை வராது, ஏனென்றால் மொழியின் விதிப்படி எல்லாம் சரியாகவே நடக்கிறது.

கொக்கியை விட்டுவிட்டு, அடிப்படை வகுப்பில் செட்அப்டிரெய்ட்ஸ் மெத்தடை எடுத்து, முதலில் சரிபார்த்து, பிறகு தாய் வகுப்பின் அதே மெத்தடை அழையுங்கள். ரிஃப்ரெஷ்டேட்டாபேஸ் அந்தப் பெயரைத் தொடுவதில்லை. நீங்கள் செய்ததுபோல, பாதுகாப்புச் சரிபார்ப்பு எதுவானாலும் ஒருமுறை வேண்டுமென்றே தவறான பெயரைக் கொடுத்து அது கத்துகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பிப்ரவரி 12, அதிகாலை

'_டெஸ்ட்' என்று முடிய வேண்டும் என்ற விதியைத் திருத்திக்கொள்ளுங்கள். சோதனைகளை இணையாக ஓட்டினால் லாராவெல் ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு தரவுத்தளத்தை உருவாக்கும். பெயருக்குப் பின்னால் '_டெஸ்ட்_1', '_டெஸ்ட்_2' என்று தானே ஒட்டிக்கொள்ளும். உங்கள் பெயரில் ஏற்கெனவே டெஸ்ட் இருப்பதால் அது லைப்ரரி_டெஸ்ட்_டெஸ்ட்_1 என்று ஆகும். பெயரைப் பார்த்தால் திக்குவாய் வந்ததுபோல இருக்கும், ஆனால் செல்லுபடியாகும். முடிவில் எண் வந்தாலும் ஏற்கும்படி விதியை எழுதுங்கள்.

பைதானின் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவும் இணையாக ஓட்டும்போது '_1', '_2' என்று பின்னொட்டுச் சேர்க்கிறது. முன்னால் 'டெஸ்ட்_' என்பதையும் அதுவே சேர்த்துக்கொள்கிறது.

பிப்ரவரி 12, மதியம்

அந்த ஜாங்கோ வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லையே" என்று ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். பெருமளவுக்கு உண்மைதான். ஜாங்கோவின் டெஸ்ட் ரன்னர், செட்டிங்ஸில் இருக்கும் தரவுத்தளத்தை நேரடியாகத் தொடாமல், அதன் பெயருக்கு முன் 'டெஸ்ட்_' சேர்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்கி, ஓட்டம் முடிந்ததும் அதை நீக்கிவிடுகிறது. எதை அழிப்பது என்று பயனர் சொல்லும் முறையைவிட, தான் உருவாக்கியதை மட்டும் தானே அழிக்கும் முறை மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு விலையாக, போஸ்ட்கிரெஸ் பயனருக்குத் தரவுத்தளம் உருவாக்கும் உரிமை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அங்கும் ஓர் ஓட்டை உண்டு; ஜாங்கோவின் ஆவணத்திலேயே அதற்கு எச்சரிக்கை இருக்கிறது. சோதனைத் தரவுத்தளம் உருவாகும் முன்பே பைதான் மாட்யூல்கள் இம்போர்ட் ஆகிவிடுகின்றன. மாட்யூலின் மேல்மட்டத்தில், எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே, ஒரு குவெரி எழுதப்பட்டிருந்தால் அது அசல் தரவுத்தளத்தில்தான் ஓடும். ஃபார்மில் இருக்கும் பிரிவுப் பட்டியலை நிரப்ப, வகுப்பின் உடலிலேயே குவெரி எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இதைச் சந்தித்திருப்பார்கள். பெரும்பாலும் அது வாசிப்பதோடு நின்றுவிடுவதால் சேதம் தெரிவதில்லை. சோதனை ஒருவர் கணினியில் வெற்றி பெற்று இன்னொருவர் கணினியில் தோற்பதாக மட்டுமே தெரியும்.

பிப்ரவரி 12, மாலை

பயனரையே பிரித்துவிட்டால் பெயரைப் பார்க்கும் வேலை எதற்கு என்பது அடுத்த கேள்வி. லைப்ரரி_டெஸ்டர் என்று தனிப் பயனர். அவருக்குச் சோதனைத் தரவுத்தளத்தில் மட்டும் உரிமை. செய்ய வேண்டியதுதான். போஸ்ட்கிரெஸில் இதில் கவனிக்க வேண்டியது, தரவுத்தளத்துடன் இணையும் உரிமை 'பப்ளிக்' என்ற பெயரில் எல்லாப் பயனர்களுக்கும் இயல்பாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது. புதுப் பயனரை உருவாக்கியதோடு நிறுத்தாமல், லைப்ரரி_டெவ் மீதான கனெக்ட் உரிமையைப் பப்ளிக்கிடமிருந்து திரும்பப் பெற வேண்டும். இல்லாவிட்டால் அவரால் இணைய முடியும். பிறர் உருவாக்கிய அட்டவணையை நீக்க முடியாது என்றாலும், கதவிலேயே நிறுத்துவது நல்லது.

மைஎஸ்க்யூஎலில் உரிமை கொடுக்கும்போது தரவுத்தளப் பெயரில் வரும் அடிக்கோடு, ஏதாவது ஓர் எழுத்து என்று பொருள்படும் குறி. லைப்ரரி_டெஸ்ட் என்று எழுதிச் சதவீதக் குறியை இட்டால், அடிக்கோடு இருக்கும் இடத்தில் வேறு எந்த எழுத்து இருந்தாலும் அந்தத் தரவுத்தளத்துக்கும் உரிமை போய்விடும். முன்னால் பின்சாய்வுக் கோடு இட்டு எழுத வேண்டும்.

பிப்ரவரி 13, காலை

நேற்று மாலை எழுதியதைக் கேட்டவருடைய நிலைமையில் பொருத்திப் பார்த்தால் ஒரு விஷயம் இடிக்கிறது. உறைந்துபோன கான்ஃபிக் கோப்பில் தரவுத்தளத்தின் பெயரோடு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்தே உறைந்திருந்தன. லைப்ரரி_டெஸ்டர் என்று ஒருவரை உருவாக்கி எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதியிருந்தாலும், இணைந்தவர் பழைய டெவலப்மென்ட் பயனராகவே இருந்திருப்பார். உரிமைப் பிரிப்பு அவரைத் தடுத்திருக்காது. பயனரைப் பிரிப்பது, பெயரோ ஹோஸ்டோ மட்டும் மாறிப்போகும் தவறுக்கு மருந்து. எல்லாம் ஒன்றாக மாறிப்போகும் தவறுக்கு, இணைப்பைக் கேட்கும் சரிபார்ப்பு ஒன்றே மருந்து. இரண்டும் வேண்டும்.

2017 ஜூனில் ரெடிட்டில் பெயர் சொல்லாத ஒருவர் எழுதியது பலருக்கு நினைவிருக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாள், கணினியைத் தயார்செய்ய ஒரு வழிகாட்டி ஆவணம் கொடுத்திருக்கிறார்கள். தனக்கென்று உருவான தரவுத்தளத்தின் விவரங்களை எழுத வேண்டிய இடத்தில், ஆவணத்தில் எடுத்துக்காட்டாக இருந்த விவரங்களை அப்படியே எழுதிவிட்டார். அவை புரொடக்ஷனின் உண்மையான விவரங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் இடையில் தரவுகளைத் துடைக்கும்படி எழுதப்பட்டிருந்த சோதனைகள் தம் வேலையைச் செய்தன. அங்கே பெயர், பயனர், பாஸ்வேர்ட், ஹோஸ்ட் நான்கும் ஒருசேர, ஒன்றோடொன்று முற்றிலும் பொருந்தித் தவறாக இருந்தன. புதியவரை வீட்டுக்கு அனுப்பியவர்கள் ஆவணத்தை எழுதியவரை என்ன செய்தார்கள் என்பது அந்தப் பதிவில் இல்லை.

பிப்ரவரி 13, பிற்பகல்

"எஸ்க்யூலைட்டை (தனி சர்வர் வேண்டாத சிறு தரவுத்தளம்) நினைவகத்தில் ஓட்டிவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?" என்ற யோசனை எதிர்பார்த்தபடியே வந்துவிட்டது. அழிவு பற்றிய கவலை தீரும் என்பது உண்மை. வேகமும் கிடைக்கும். சிறு செயலிகளுக்கு நானே அப்படித்தான் வைத்திருந்தேன்.

புரொடக்ஷனில் போஸ்ட்கிரெஸ் ஓடும்போது எஸ்க்யூலைட்டில் சோதிப்பதை இப்போது நான் ஏற்பதில்லை. பத்து எழுத்துக்கு மேல் கூடாது என்று அறிவித்த நெடுவரிசையில் எஸ்க்யூலைட் நூறு எழுத்தையும் வாங்கிக்கொள்ளும். எண்ணுக்கான நெடுவரிசையில் சொல்லை இட்டாலும் சேமித்துவிடும். அதைக் கண்டிப்பாக்கும் ஸ்ட்ரிக்ட் அட்டவணைகள் 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்துதான் உண்டு, அதையும் நாமே கேட்க வேண்டும். அயல் சாவிகளைச் (இன்னோர் அட்டவணையின் வரிசையைக் குறிக்கும் மதிப்புகள்) சரிபார்ப்பது இணைப்புதோறும் இயக்கப்பட வேண்டிய ஒன்று; ஃபிரேம்வொர்க் அதைச் செய்யவில்லையானால் தாயில்லாப் பிள்ளைகள் அட்டவணையில் சுதந்திரமாக உலவும். ஆங்கில எழுத்துகளுக்கு எஸ்க்யூலைட்டின் 'லைக்' பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது, போஸ்ட்கிரெஸ் பார்க்கும். தேடல் பக்கத்தின் சோதனை வெற்றி பெற்று, உண்மையான தேடல் தோற்பதற்கு இது ஒன்று போதும்.

பிப்ரவரி 13, இரவு

ஒரே வகைத் தரவுத்தளமாக இருந்தாலும் வேறுபாடு ஒளிந்திருக்கும் இடம் ஒன்று: வரிசைப்படுத்தல். சோதனைக்கு அளவில் சிறியது என்று ஆல்பைன் (சிறிய லினக்ஸ் வகை) அடிப்படையிலான போஸ்ட்கிரெஸ் டாக்கர் படிமத்தை எடுப்பார்கள்; புரொடக்ஷனில் டெபியனோ அதன் உறவோ இருக்கும். ஆல்பைனின் சி நூலகம் மொழிவாரியான அகரவரிசையைத் தருவதில்லை. இயல்பான அமைப்பில் யூனிகோட் எண்ணின் வரிசையே வரும். தமிழ்ப் பெயர்களைப் பட்டியலிடும் செயலியானால் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். யூனிகோட் எண்படி 'அகம்' முன்னும் 'அக்கா' பின்னும் வரும், ஏனென்றால் புள்ளியின் எண் மகரத்தின் எண்ணைவிடப் பெரியது. அகராதியில் மெய் முன்னால் வருவதால் 'அக்கா'தான் முதலில். வரிசையைச் சரிபார்க்கும் சோதனை ஓரிடத்தில் வெற்றி, ஓரிடத்தில் தோல்வி என்று கண்ணாமூச்சி காட்டினால், நிரலைத் திட்டுவதற்கு முன் இரு இடங்களிலும் கொலேஷனை, அதாவது வரிசைப்படுத்தும் விதியை, பாருங்கள்.

பிப்ரவரி 15, காலை

ஒவ்வொரு சோதனையையும் ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் (மொத்தமாகச் சேமிக்கவோ கைவிடவோ கூடிய மாற்றங்களின் தொகுதி) ஓட்டி, முடிவில் ரோல்பேக் செய்வது, அதாவது எல்லாவற்றையும் கைவிடுவது, இப்போது பல ஃபிரேம்வொர்க்குகளில் பொது வழக்கம். வேகமானது, சுத்தமானது. அதன் கோணல்களைத் தெரிந்துகொள்ளாமல் பயன்படுத்துவோர் பல மணி நேரத்தை இழப்பார்கள்.

போஸ்ட்கிரெஸில் அடுத்தடுத்த எண்களைத் தரும் சீக்வென்ஸ் ரோல்பேக்குக்குக் கட்டுப்படாது. முதல் சோதனையில் உருவான பயனரின் எண் 1 என்றால், அது மறைந்த பிறகும் அடுத்தவர் 2ஆகத்தான் பிறப்பார். "உருவான பயனரின் எண் 1 ஆக இருக்க வேண்டும்" என்று எழுதப்பட்ட சோதனை தனியாக ஓடும்போது வெல்லும், கூட்டத்தில் தோற்கும். இதைவிட விநோதம் 'நௌ' ஃபங்ஷன். அது டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும். சோதனைக்குள் மூன்று பதிவுகளை உருவாக்கி, தரவுத்தளமே நேரம் குறிக்கும்படி விட்டால், மூன்றுக்கும் மைக்ரோ வினாடி பிசகாமல் ஒரே நேரம் பதிவாகும். "புதியது முதலில்" என்ற வரிசை தன் இஷ்டத்துக்கு வரும். கடிகாரத்தின் உண்மையான நேரம் வேண்டுமென்றால் 'கிளாக்_டைம்ஸ்டாம்ப்'பைக் கேட்க வேண்டும்.

கமிட் ஆன (மாற்றங்கள் நிரந்தரமாகச் சேமிக்கப்பட்ட) பிறகு மின்னஞ்சல் அனுப்பு என்று ஜாங்கோவில் எழுதியிருந்தால், டெஸ்ட்கேஸ் வகுப்புக்குள் கமிட் என்பதே நடக்காததால் அது ஓடாது, 3.2 பதிப்பிலிருந்து அவற்றைப் பிடித்து ஓட்டிப் பார்க்கத் தனி வழி உண்டு. பிரவுசரை இயக்கும் சோதனைகளில் சர்வர் வேறொரு இணைப்பில் பேசுமானால், கமிட் ஆகாத தரவு அதற்குத் தெரியவே தெரியாது, ரெயில்ஸ் 5.1 முதல் இரு த்ரெட்களும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்வதால் அங்கே இந்தச் சிக்கல் அடங்கியது. மைஎஸ்க்யூஎலில் அட்டவணையை உருவாக்குவதும், மாற்றுவதும், ட்ரன்கேட் செய்வதும் கேட்காமலே கமிட் செய்துவிடும். சோதனையின் நடுவில் அப்படி ஒன்று இருந்தால், ரோல்பேக் வரும்போது திரும்பப் பெற எதுவும் மீதமிருக்காது.

பிப்ரவரி 15, மதியம்

நினைவகத்தில் இயங்கும் தரவுக் கிடங்கான ரெடிஸை மறந்துவிட்டோம். தரவுத்தளத்தைப் பிரித்துவிட்டு, செஷனும் கேஷும் வேலை வரிசையும் (க்யூ) ஒரே ரெடிஸில் இருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. இயல்பாக 16 எண்ணிட்ட தளங்கள் உண்டு. சோதனைக்கு ஒன்றை ஒதுக்கலாம். ஆனால் ஃபிளஷ்டிபி அந்த எண்ணை மட்டும் காலி செய்யும், ஃபிளஷ்ஆல் பதினாறையும் காலி செய்யும். சோதனையின் முடிவில் எதை அழைக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிப்ரவரி 17, இரவு

பெயரை வைத்துச் சரிபார்ப்பது எனக்கு இன்னும் முழுத் திருப்தி தரவில்லை. பெயர் என்பது யாரும் எதற்கும் வைக்கக்கூடியது. அவசரத்தில் புரொடக்ஷனின் பிரதி ஒன்றை ஏற்றி அதற்கு 'மைக்ரேஷன்_டெஸ்ட்' என்று பெயர் வைப்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரெயில்ஸ் 5இல் வந்த ஏற்பாடு இதைவிட ஒரு படி மேல். எந்தச் சூழலுக்கான தரவுத்தளம் என்பதை, ஏஆர்_இன்டர்னல்_மெட்டாடேட்டா என்ற அட்டவணையில், தரவுத்தளத்துக்குள்ளேயே அது எழுதிவைக்கிறது. அழிக்கும் கட்டளை வந்தால் அங்கே 'புரொடக்ஷன்' என்று இருக்கிறதா என்று பார்த்து மறுத்துவிடுகிறது.

லாராவெலில் அதையே செய்யலாம் என்று பார்த்தால், அடையாள அட்டவணையையும் சேர்த்தே ரிஃப்ரெஷ்டேட்டாபேஸ் நீக்கிவிடும். எனவே அடையாளம் அட்டவணைகளுக்கு வெளியே இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் தரவுத்தளத்துக்கென்று நாமே ஓர் அமைப்பு மதிப்பை வைக்கலாம்: எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசராக இணைந்து, 'ஆல்ட்டர் டேட்டாபேஸ் லைப்ரரி_டெஸ்ட் செட்' என்று தொடங்கி, 'ஆப்.பர்ப்பஸ்' என்ற பெயருக்கு 'டெஸ்ட்' என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். பெயரின் நடுவில் புள்ளி கட்டாயம். அதன் பிறகு திறக்கும் எந்த இணைப்பிலும் கரன்ட்_செட்டிங் என்று கேட்டால் அந்த மதிப்பு வரும். இரண்டாவது மதிப்பாக 'ட்ரூ' கொடுத்துக் கேட்டால், அடையாளம் இல்லாத தரவுத்தளத்தில் பிழைக்குப் பதிலாக 'நல்' (மதிப்பில்லை) வரும். புரொடக்ஷனின் பிரதிக்கு எந்தப் பெயர் வைத்தாலும் இந்த அடையாளம் அதில் இருக்காது.

பிப்ரவரி 18, காலை

மேலே சொன்னதை இணையான ஓட்டத்தோடு பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை. லாராவெல் புதிதாக உருவாக்கும் லைப்ரரி_டெஸ்ட்_டெஸ்ட்_1க்கு அந்த அடையாளம் வராது. லைப்ரரி_டெஸ்டை டெம்ப்ளேட்டாக வைத்துப் பிரதியெடுத்தாலும் வராது. தரவுத்தள அளவில் வைத்த அமைப்புகளை போஸ்ட்கிரெஸ் டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் சூப்பர்யூசராகப் போய் எழுதிக்கொண்டிருந்தால், பாதுகாப்பு என்ற பெயரில் அந்தச் சூப்பர்யூசர் பாஸ்வேர்டைச் சோதனை நிரலில் வைக்க வேண்டிவரும். அது போகாத ஊருக்கு வழி.

அடையாளத்தைத் தரவுத்தளத்தில் வைக்காமல் பயனர்மேல் வைத்தால் சிக்கல் அவிழ்கிறது. 'ஆல்ட்டர் ரோல் லைப்ரரி_டெஸ்டர் செட்' என்று அதே மதிப்பைக் கொடுத்தால், அந்தப் பயனர் எந்தத் தரவுத்தளத்தில் இணைந்தாலும், நேற்று இருந்ததோ இந்த நிமிடம் பிறந்ததோ, அடையாளம் கூடவே வரும். டெவ்விலும் புரொடக்ஷனிலும் அவருக்கு இணையும் உரிமையே இல்லை. இப்போது இரண்டு தவறுகளையும் வைத்துப் பாருங்கள். கான்ஃபிக் உறைந்து பழைய பயனர் இணைந்தால், அவரிடம் அடையாளம் இல்லை, சரிபார்ப்பு நிறுத்துகிறது. பயனர் சரியாக இருந்து தரவுத்தளத்தின் பெயர் மட்டும் மாறினால், போஸ்ட்கிரெஸே கதவைச் சாத்துகிறது. 12ஆம் தேதியும் 17ஆம் தேதியும் எழுதியவற்றை ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்துப் படித்தவர்கள், இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று கொள்ளுங்கள்.

இணையாக ஓட்டுவதென்றால் அந்தப் பயனருக்குத் தரவுத்தளம் உருவாக்கும் உரிமை வேண்டும். கொடுக்கலாம், தான் உருவாக்கியதற்கு மட்டுமே அவர் உரிமையாளர்.

பிப்ரவரி 19, மதியம்

வேகத்துக்காக எஃப்சிங்கை (எழுதியது வட்டில் பதிந்ததை உறுதிசெய்வது) நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது தரவுத்தளத்துக்கான அமைப்பு அல்ல, சர்வர் முழுவதற்குமானது. டெவ்வும் டெஸ்டும் ஒரே சர்வரில் இருந்தால், டெஸ்டுக்காக நிறுத்தியது டெவ்வுக்கும் சேர்த்து நின்றுவிடும். மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே பாழாகலாம். சிங்க்ரோனஸ்_கமிட்டை (கமிட் வட்டில் பதியும்வரை காத்திருப்பது) தனித் தரவுத்தளத்துக்கு மட்டும், அல்லது அந்தச் சோதனைப் பயனருக்கு மட்டும் நிறுத்த முடியும். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் தனிக் கன்டெய்னர், தனிப் போர்ட், தரவுக் கோப்புறை நினைவகத்தில். அங்கே எதை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 20, காலை

சோதனைத் தரவுத்தளத்தில் புரொடக்ஷனின் பிரதியை ஏற்றலாமா என்பதற்கு என் விடை: தானியங்கிச் சோதனைகளுக்குக் கூடாது. தரவு ஒவ்வொரு முறையும் மாறும், சோதனை எதை எதிர்பார்க்கிறது என்று படிப்பவருக்குத் தெரியாது, அதில் இருப்பவை உண்மையான மனிதர்களின் முகவரிகள். பொய்த் தரவை உருவாக்கும்போதும் மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள் டாட் காம் என்ற டொமைனையே பயன்படுத்துங்கள். 1999இல் வெளியான ஆர்எஃப்சி 2606 என்ற இணைய ஆவணம் அதை இதற்காகவே ஒதுக்கிவைத்தது. வாய்க்கு வந்த டொமைனை எழுதினால் அது யாருக்காவது சொந்தமாக இருக்கும்.

வெளியீட்டுக்கு முந்தைய ஸ்டேஜிங் தளம் வேறு விஷயம், அங்கே பிரதி பயன்படும். 2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிக்கும் சேவையான கிட்லாப் தளத்தின் முதன்மைத் தரவுத்தளக் கோப்புறை தவறுதலாக நீக்கப்பட்டபோது, வழக்கமான காப்புப் பிரதிகள் கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் ஸ்டேஜிங்குக்காக எடுத்துவைத்திருந்த பிரதியிலிருந்துதான் மீட்டார்கள்.

கேட்டவர்: பிப்ரவரி 22, மாலை

பயனர் அடையாளம், உரிமை நீக்கம், செட்அப்டிரெய்ட்ஸ் மூன்றையும் செய்துவிட்டேன். வேண்டுமென்றே கான்ஃபிக் கேஷை ஓட்டிவிட்டுச் சோதித்தால் முதல் சோதனையிலேயே நிற்கிறது. என் கணினியில் சரி. சிஐயில் (சோதனைகளைத் தானாக ஓட்டும் சர்வர்) மட்டும், சில வேளைகளில், "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று தொடக்கத்திலேயே விழுகிறது. மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது.

பிப்ரவரி 22, இரவு

அந்தப் பயனரை உருவாக்கும் எஸ்க்யூஎல் கோப்பை, போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வப் படிமத்தில் இனிட்டிபி கோப்புறைக்குள் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தப் படிமம், அக்கோப்புகளை ஓட்டுவதற்காக முதலில் ஒரு தற்காலிக சர்வரைத் தொடங்குகிறது. அது யூனிக்ஸ் சாக்கெட்டில் மட்டுமே கேட்கும், நெட்வொர்க்கில் கேட்காது. கோப்புகள் முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு உண்மையான சர்வரைத் தொடங்கும். உங்கள் ஹெல்த் செக் (சர்வர் தயாரா என்று பார்ப்பது), கன்டெய்னருக்குள் ஹோஸ்ட் எதுவும் கொடுக்காமல் பிஜி_இஸ்ரெடியை ஓட்டினால், அது சாக்கெட் வழியாகத் தற்காலிக சர்வரைப் பார்த்துவிட்டுத் "தயார்" என்று சொல்லிவிடும். சோதனைகள் வந்து கதவைத் தட்டும் நேரத்தில் அந்த சர்வர் மூடிக்கொண்டிருக்கும். பிஜி_இஸ்ரெடிக்கு ஹோஸ்டாக 127.0.0.1 என்று கொடுங்கள். தற்காலிக சர்வர் அங்கே பதில் சொல்லாது என்பதால், உண்மையானது வரும்வரை காத்திருக்கும்.

இன்னொன்று: இனிட்டிபி கோப்புகள் தரவுக் கோப்புறை காலியாக இருந்தால் மட்டுமே ஓடும். உங்கள் கணினியில் பழைய வால்யூமை (கன்டெய்னரின் தரவு சேமிக்கப்படும் இடம்) வைத்துக்கொண்டு அந்த எஸ்க்யூஎல் கோப்பைத் திருத்தினால் திருத்தம் ஏறாது. வால்யூமை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். நீக்கும் முன் அது எந்தக் கன்டெய்னருடையது என்று பாருங்கள்.